மருந்துக்கு விரதமில்லை

லைன் நின்றுவிட்டது. முன்னால் போன கன்டெய்னர் டிரெய்லரின் பின்விளக்கு சிவந்தது. அதற்கு முன்னால் இருந்தவை எல்லாம் ஏற்கெனவே சிவந்து நின்றன. ஹார்பர் கேட் வரைக்கும் இனி சிவப்புதான். தணிகாசலம் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இடது காலைக் கிளட்சிலிருந்து எடுத்தார். எடுத்த பிறகும் கால் மிதித்துக்கொண்டே இருந்தது. தொடையைக் கையால் அமுக்கினார். அது அடங்கியதும் வலது கால் ஆடத் தொடங்கியது, ஒரு பிள்ளையைத் தூங்கவைத்தால் இன்னொன்று எழுந்துகொள்வதுபோல. கொட்டாவி வந்தது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. கண்ணில் நீர் வழிந்தது. மூக்கு ஒழுகியது. கார்த்திகை மாசத்து மத்தியான வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழுந்து கறுப்பு வேட்டியைச் சுட்டது. உடம்போ பம்பை ஆற்றில் முங்கி எழுந்த மாதிரி சிலிர்த்தது. கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. உடம்பின் எல்லாக் கதவும் திறந்துகொண்டு ஒழுகுகிறது, நான் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தார். இடது பக்கம் கடல், கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் கொட்டி வைத்த கருங்கற்கள். முன்னால் டிரெய்லர், பின்னால் டிரெய்லர். வலது பக்கம், கொஞ்சம் இடைவெளி விழுந்தால் போதும், மூக்கை நுழைத்துவிடக் காத்திருக்கும் குறுக்குப் புத்திக்காரர்கள். லைனில் நிற்கிறவனுக்கு இறங்கிப்போக வழியில்லை. இறங்கினால் இடம் போய்விடும். இடம் போனால் மறுபடியும் வாலில் போய் நிற்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவையும் இடத்தை விட்டவரில்லை.

பொட்டலம் இடது கையில் இருந்தது. கோயிலில் திருநீறு மடித்துக் கொடுப்பார்களே, அந்த மடிப்பு, அந்த அளவு. முதலில் அதைச் சட்டைப் பையில்தான் வைத்தார். கொஞ்ச தூரம் வண்டி ஓடியதும் மாலையின் டாலர் சட்டைப் பைமேல் வந்து தட்டித் தட்டி ஆடுவது தெரிந்தது. ஐயப்பன் அந்தப் பொட்டலத்தின்மேல் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து. எடுத்து, தலைக்கு மேலே வெயில் தடுக்கிற பலகையில் செருகினார். அங்கே பதினெட்டுப் படி படம் ஒட்டியிருந்தது. சீட்டுக்கு அடியில் வைக்கலாம் என்றால், காலையும் மாலையும் குளித்து மாற்றிக்கொள்கிற வேட்டி துண்டெல்லாம் அங்கேதான். டூல்ஸ் பெட்டியில் ஜாக்கிக்குப் பக்கத்தில் கற்பூரமும் நெய் பாட்டிலும். மாலை போட்டதிலிருந்து கேபின் முழுக்க சாமியுடையதாகிவிட்டது. டிரைவருக்கென்று ஓர் இடம் இல்லை. கடைசியில் கையிலேயே வைத்துக்கொண்டார். உள்ளங்கை வியர்த்து வியர்த்துக் காகிதம் நைந்துகொண்டிருந்தது. நைந்து உள்ளே இருப்பது கையில் ஒட்டினால் என்ன ஆகும்? ஒட்டினாலே ஏறுமா? ஏறினால் அது நான் போட்டதாகுமா, தானாகப் பட்டதாகுமா? தானாகப் பட்டால் குற்றமில்லை. இந்தக் கணக்கு எங்கே போகிறது என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்தும் கையை இன்னும் இறுக்கி மூடினார்.

காலையில் யார்டு வாசல் டீக்கடையில் லோகு கொடுத்தது. லோகநாதனும் டிரெய்லர்தான் ஓட்டுகிறான். ஒரே முதலாளி, ஒரே லைன், ஒன்றாகவே தலை நரைத்தவர்கள். மாத்திரை கிடைக்காமல் இரண்டு ராத்திரி கேபினிலேயே படுத்துத் தூங்காத கண்ணோடு அவனிடம் போய் நின்றார். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "வராது சாமி," என்றான் அவன். "அட்டை குடுக்கற ஆள வண்டியோட புட்சிட்டாங்க. மெடிக்கல்காரன்லாம் மூஞ்சியக்கூடப் பாக்க மாட்றான்."

"மறுபடி எப்ப வரும்?"

"எப்ப வருமா? இன்னா பஸ்ஸா அது, டைமு சொல்றதுக்கு?"

"கையி காலுலாம் பிச்சிக்கினு போவுதுடா."

"தெரியுது. மூக்கத் தொடச்சிக்கோ மொதல்ல. சாமி மூக்க ஒழுவவுட்டுக்கினு நிக்கக் கூடாது." சொல்லிவிட்டு அக்கம்பக்கம் பார்க்காமலே, பீடிக்கு நெருப்பு கொடுப்பதுபோல, பொட்டலத்தைக் கையில் வைத்தான். "இத்த வச்சிக்கோ."

"இன்னாது இது?"

"மாத்திரைக்கு அண்ணன்."

"டேய். பவுடரா? பிரவுன் சுகரா? டேய், நான் மாலை போட்டுக்கீறேன்டா."

"அதுக்கு? நீ இத்தினி நாளா முழுங்கனது இன்னா, பஞ்சாமிர்தமா? ஒரே குடும்பம் சாமி. தம்பி சட்டை போட்டுக்கினு அட்டைக்குள்ள குந்திக்கினு வர்றான். அண்ணன் சட்டையில்லாம வர்றான். அவ்ளோதான் வித்தியாசம். உள்ள போனா ரெண்டும் ஒரே ரூம்லதான் படுக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிக்கும்போது கன்னம் உள்ளே போய்விட்டது. முன்பெல்லாம் லோகு சிரித்தால் தொப்பை முதலில் சிரிக்கும். இப்போது சட்டைக்குள் யாரோ வேறு ஆள். போன மாசம் லைனில் இஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங் மேல் தாடையை வைத்துக்கொண்டு, பாதி கண் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். லைன் நகர்ந்தது, ஹாரன் அடித்தார்கள், கெட்ட வார்த்தையில் திட்டினார்கள், அவனுக்கு எட்டவில்லை. தணிகாசலம்தான் இறங்கி ஓடிக் கதவைத் தட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த முகத்தில் வலி என்பதே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அதுதான் ஆசையாகவும் இருந்தது. அந்த ஆசையை அவர் அன்றைக்கே பார்த்தார். பார்த்து, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணன். அந்த வார்த்தை பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. தம்பி எப்படி உள்ளே வந்தான் என்றுதானே முதலில் கேட்க வேண்டும். தம்பி ராஜமரியாதையோடு வந்தான். ஸ்ரீபெரும்புதூர் யார்டில் கேபினிலிருந்து குதித்தபோது இடுப்பில் ஏதோ பட்டென்று விட்டது. தரையில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல், வெயிலில் கொதிக்கும் கான்கிரீட்டில் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தார். எலும்பு டாக்டர் படத்தை விளக்குக்கு எதிரே பிடித்து, வட்டு பிதுங்கியிருக்கிறது என்றார். வண்டியை விடுங்கள் என்றார். வண்டியை விட்டால் எதைப் பிடிப்பது? அதை டாக்டரிடம் கேட்க முடியாது. பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். அந்த முதல் ராத்திரி. வலி போயிற்று, அது சரி, அதற்குத்தானே மாத்திரை. வலி மட்டும் போகவில்லை. வலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போயிற்று. முதலாளி மகன் வாடா போடா என்று பேசியது, செத்துப்போன அப்பா ஒரு நாளும் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாதது, லைனில் நின்று நின்று வீணாய்ப்போன வயசு, எல்லாம். குணசுந்தரியிடம் விடியவிடியப் பேசிக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பேசியதில்லை. அவள் இருட்டில் சிரித்தாள். "இன்னா சாப்ட்டீங்க இன்னிக்கு?" என்றாள். மாத்திரை என்று அவர் சொன்னார். "அப்போ தினமும் போடுங்க," என்றாள் அவள். சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அதற்கப்புறம் ராத்திரி பாலோடு மாத்திரையை அவள்தான் எடுத்துக் கொடுக்கிறாள். சாமி விளக்குக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் போட்டு வைத்திருப்பாள். பகலில் கேபினில் போடுவது அவளுக்குத் தெரியாது. ஒன்று எப்போது மூன்றானது, மூன்று எப்போது கைக்கு வந்தபடி ஆனது என்பது அவருக்கே தெரியாது. டாக்டர் எழுதிய சீட்டு மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிவிட்ட பிறகு டாக்டரிடம் மறுபடியும் போனார். "இன்னுமா இதைப் போடறீங்க?" என்று டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேறு மாத்திரை எழுதினார். அதையும் தணிகாசலம் போட்டுப் பார்த்தார். அது வலியை மட்டும்தான் எடுத்தது.

அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது. வலி போனபின்னும் எதையோ தேடிக்கொண்டு படுக்கையில் புரண்ட அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் தெரிவது என்பது ஒரு வாடகைக்காரன் மாதிரி. வீட்டுக்குள் இருப்பான், வீட்டுக்காரனோடு பேசமாட்டான். பேர் இருந்ததே, மருந்து என்று ஒரு பேர். குடிகாரனுக்கு அந்த வசதி இல்லை. கடையிலிருந்து வரும்போதே அவன் பேர் கெட்டுவிடுகிறது. மாத்திரை போடுகிறவனை யாரும் மாத்திரைக்காரன் என்று கூப்பிடுவதில்லை. பாவம் இடுப்பு வலி என்கிறார்கள். உட்கார நாற்காலி போடுகிறார்கள். லோகுவின் ஆள் கொடுத்த அட்டைகளில் பில்லும் இல்லை, கடைப் பேரும் இல்லை. ஆனாலும் அட்டை இருந்தது. அட்டையில் எழுத்து இருந்தது. எழுத்து இருக்கும்வரை அது மருந்துதான். இப்போது கையில் இருப்பதற்கு எழுத்தில்லை. எழுத்தில்லாததால்தான் இவ்வளவு நேரமாகப் பிரிக்கவில்லையா? அப்படியானால் தடுப்பது பயமா, பக்தியா, வெறும் அச்சடித்த எழுத்தா? இதே தூளை ஒருவன் உருட்டி, வெள்ளைப் பூச்சு பூசி, அட்டையில் அடைத்துக் கொடுத்திருந்தால் காலையிலேயே தண்ணீர்கூட இல்லாமல் முழுங்கியிருப்பாய். அதற்கப்புறம் சரணமும் சொல்லியிருப்பாய்.

மாலை. அதை நினைத்தபோது ஸ்டியரிங்மேல் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். மாலை அவரை எந்த வருஷமும் கைவிட்டதில்லை. வருஷம் பூரா குடிப்பார்; கார்த்திகை ஒண்ணாம் தேதி கழுத்தில் துளசிமணி விழுந்ததும் நாக்கு ஊமையாகிவிடும். பீடி நாற்றம்கூடக் குமட்டும். லைனில் எத்தனை டிரைவர்கள் அப்படி. மற்ற மாசமெல்லாம் தன் பேச்சைக் கேட்காத உடம்பு அந்த மண்டலத்துக்கு மட்டும் நாய்க்குட்டி மாதிரி காலடியில் சுருண்டு படுக்கும். அதை நம்பித்தான் இந்த வருஷமும் போட்டார். யாரிடமும் சொல்லாமல், மலைக்குப் போவதற்காக அல்ல, இந்த மாத்திரையை விடுவதற்காகவே போட்டார். கோயிலில் விடிகாலைக் குளிரில் ஈரத்துண்டோடு குருசாமி முன்னால் நின்றபோது, இன்றோடு சரி என்று மனசு சொல்லிற்று. வேதாசலம் குருசாமி மின்வாரியத்தில் இருந்து ரிடையர் ஆனவர். சின்ன உருவம், பெரிய குரல். மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். அந்தக் கணத்தில், கழுத்துக்கு அது வருவதற்கு முன்னால், தணிகாசலத்தின் வாய் தானாகத் திறந்தது. "சாமி, ஒரு சந்தேகம். இடுப்பு வலிக்கு டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரை. அத்தப் போட்லாமா?" யார் கேட்டது அதை? விடுவதற்காக வந்தவன் ஏன் கேட்டான்? குருசாமி சிரித்தார். "மருந்துக்கு விரதமில்ல சாமி. உடம்பு இருந்தாத்தான மலை ஏறலாம்? தாராளமாப் போடுங்க." மாலை விழுந்தது. சரணம் என்று எல்லோரும் கத்தினார்கள். தணிகாசலமும் கத்தினார். கண்ணில் தண்ணீர் வந்தது. பக்தியால் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அது தப்பித்த சந்தோஷம். பிடிபட வந்த திருடனைப் போலீஸ்காரரே சைக்கிளில் ஏற்றி வீட்டில் இறக்கிவிட்ட சந்தோஷம். அன்றிலிருந்து மாத்திரைக்கு சாமியே காவல். குடியை விட்டார், பீடியை விட்டார், செருப்பை விட்டார், மனைவிக்குத் தனிப் பாய். விட வந்ததை மட்டும் விடவில்லை.

போன் அடித்தது. குணா. எடுக்கும்போதே அவள் குரலுக்குப் பின்னால் அடுப்பில் ஏதோ தாளிக்கிற சத்தம்.

"சாமி, எங்க வந்துக்கினு இருக்கீங்க?"

"லைன்லதான். காசிமேட்டுக்கு முன்னாடி. நகரவே இல்ல."

"கொரல் இன்னா ஒரு மாதிரியா கீது? சளி புட்சிக்கிச்சா? அதான் சொன்னேன், காலங்காத்தால பச்சத்தண்ணி வேணாம், வெந்நி வச்சித் தரேன்னு. நீங்க எங்க கேக்கறீங்க? மாத்திரை போட்டீங்களா?"

கையை மூடிக்கொண்டார்.

"சாமி?"

"இல்ல. தீந்துடிச்சி."

"கிண்ணத்துல பாத்தேன், இங்கயும் இல்ல. வர்ற வழியில வாங்கிக்குங்க. சாயங்காலம் நம்ம ஊட்ல பூஜை வச்சிக்கினு, நீங்க இடுப்பப் புட்சிக்கினு குந்தினா நல்லாவா இருக்கும்? நாலு சாமிமாரு வர்ற எடம். மறக்காம வாங்கிப் போட்டுக்குங்க, இன்னா?"

"சரி."

"சாமி சரணம்," என்று வைத்துவிட்டாள். இந்த ஒரு மண்டலத்துக்கு மட்டும் வாங்க போங்க. மற்ற நாளில் யோவ் என்பாள். யோவ் என்று கூப்பிட்டிருந்தால் இப்போது சொல்லியிருப்பேனோ? சாமி என்று கூப்பிடுகிறவளிடம் எதைச் சொல்வது? சாமிக்கு உடம்பு பூரா ஒழுகுகிறது என்றா? எல்லோரும் இரண்டு வார்த்தைதான் பேசுகிறார்கள்: சாமி, மாத்திரை. குருசாமி போடச் சொல்கிறார், குணா போடச் சொல்கிறாள், லோகு கையிலேயே வைத்து அழுத்துகிறான். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. எல்லோரும் அன்பாகத்தான் சுற்றி நிற்கிறார்கள். நடுவில் நிற்கிறவனுக்கு வெளியே வர இடம்தான் இல்லை.

வெளிக்கு முட்டியது. கற்களுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டு வரலாம். ஆனால் லைன். முன்வண்டிக்காரன் இஞ்சினை அணைக்கவில்லை. அப்படியென்றால் எப்போது வேண்டுமானாலும் நகரும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலம் பூஜை. விளக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். இந்தக் கால் சம்மணத்தில் நிற்காது. உதறும். எல்லோரும் பார்ப்பார்கள். அருள் வந்துவிட்டது என்று நினைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் கொட்டாவியாக மாறியது. ஒரே ஒரு தடவை. பூஜை முடிகிற வரைக்கும். நாளைக்கு மாத்திரை வந்துவிடும். வந்ததும் பழையபடி தம்பியோடு இருந்துகொள்ளலாம். தம்பி நல்லவன். தம்பியை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. குருசாமியிடம் கேட்டுவிட்டால் என்ன? போன தடவையும் கேட்டுத்தானே செய்தோம். எப்படிக் கேட்பது என்பதுதான். "சாமி, டாக்டர் மாத்திரை கெடைக்கல." இது உண்மை. "அதே மருந்து பவுடரா வருதாம்." இதுவும் உண்மைதான், லோகு அப்படித்தான் சொன்னான். "அத்த எடுத்துக்கலாமா?" இது வெறும் கேள்வி. கேள்வியில் பொய் ஏது? மூன்று வாக்கியத்தில் ஒரு பொய்கூட இல்லை. வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். கடையில் புதுச் செருப்பைப் போட்டு இரண்டு அடி நடந்து பார்ப்பதுபோல. கடிக்கவில்லை. போனை எடுத்தார்.

"சாமி சரணம்! சொல்லுங்க தணிகாசல சாமி, பூவெல்லாம் வந்துடிச்சா?"

"குணா பாத்துக்கறா சாமி. ஒரு சந்தேகம். அந்த இடுப்பு வலி மாத்திரை கெடைக்கல. அதே மருந்து பவுடரா வருதாம். அத்த எடுத்துக்கலாமா, விரதத்துல?"

"பவுடரா? சூரணமா சாமி? நாட்டு வைத்தியமா?"

இதற்கு ஒத்திகை பார்க்கவில்லை. முன்வண்டியின் சிவப்பைப் பார்த்தார்.

"ஆமா சாமி."

"அடடே, இங்கிலீஷ் மாத்திரையவிட அதான் நல்லது! எங்க அப்பாக்கு மூட்டு வலி, சூரணத்துலதான் போச்சி. வெறும் வயித்துல, தேன்ல கொழச்சி சாப்டுங்க. தேன் நம்ம அபிஷேகத்துக்கு வாங்கனது இருக்கும், அதுலயே ஒரு ஸ்பூன் எடுத்துக்குங்க, தப்பில்ல. மருந்துக்கு விரதமில்ல சாமி."

போனை வைத்தார். கிடைத்துவிட்டது. அவ்வளவு சுலபமாக. சாமியின் தேனோடு சேர்த்துக் கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தார். அன்றைக்குக் கோயிலில் வந்த அந்தச் சந்தோஷம். வரவில்லை. பதிலுக்கு ஏதோ ஒன்று முதுகுத்தண்டின் அடியிலிருந்து, வட்டு பிதுங்கிய அந்த இடத்திலிருந்தே, குளிர்ந்து மேலே ஏறியது. இவர் இல்லையென்று சொல்லமாட்டார். இவர் மட்டுமில்லை, யாருமே. எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லவைக்க என்னால் முடியும். நாளைக்கு ஊசி என்றால் ஊசிக்கும் ஒரு வாக்கியம் என்னிடம் இருக்கும். ஓர் ஆமாவைத் தவிர அதிலும் பொய் இருக்காது. குருசாமி, குணா, டாக்டர், ஐயப்பன், ஒருவர் விடாமல் எல்லோரையும் நான் சம்மதிக்க வைத்துவிடுவேன். பிடித்து நிறுத்த ஆளே இல்லாத இறக்கத்தில் லோடோடு போகிற வண்டி மாதிரி. லோகு இந்த வருஷம் மாலை போடவில்லை. ஏன்டா என்று கேட்டதற்கு, "எனக்கும் அவருக்கும் இப்ப பேச்சுவார்த்தையில்ல சாமி," என்றான். அப்போது மனசுக்குள் அவனைக் கேவலமாக நினைத்தேனே. அவன் போதையில் இருக்கிறான், போதை என்று பேர் சொல்லித்தான் இருக்கிறான். அவன் சாமியைத் தன்னோடு சேர்த்து இழுக்கவில்லை. நான் கூட்டிக்கொண்டு போகிறேன், கழுத்தில் கட்டி.

கழற்ற வேண்டும். முதலில் மாலையைக் கழற்ற வேண்டும். அப்புறம் பொட்டலம். அப்போது அது மருந்தாக இருக்காது. அது என்னவோ அதுவாக இருக்கும், நான் என்னவோ அதுவாக இருப்பேன். போடுவதென்று முடிவாகிவிட்டதா? ஆகிவிட்டது என்று கால்கள் சொல்லின. ஆகட்டும், ஆனால் பேர் சொல்லிப் போடுகிறேன். வலது கை கழுத்துக்குப் போயிற்று. துளசிமணிகள் வியர்வையில் ஊறிச் சதையோடு ஒட்டியிருந்தன. ஆனால் தானாகக் கழற்றக் கூடாது. குருசாமி கழற்ற வேண்டும், இல்லை அம்மா. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். குருசாமியோ தேன் கொடுக்கிறார். விரல் மணிகளில் சிக்கிக்கொண்டு நின்றது. விளக்குக்கு எண்ணெய் ஊற்றிப் படத்துக்குப் பூப்போட்டு இந்த மாலையைக் காப்பாற்றி வருகிறவள் வீட்டில் இருக்கிறாள். அவளிடமாவது சொல்லிவிட்டுக் கழற்ற வேண்டும். பூஜைக்கு வருகிறவர்களுக்கு அவள் ஏதாவது சொல்லிக்கொள்ளட்டும். போனை எடுத்தபோது முன்வண்டியின் சிவப்பு அணைந்தது. லைன் நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கால் கிளட்சுக்குப் போகவில்லை.

"குணா, நான் மாலையைக் கழட்டறேன்."

தாளிக்கிற சத்தம் நின்றது. அடுப்பை அணைத்திருக்க வேண்டும்.

"ஐயோ," என்றாள். "யாரு?"

அவருக்குப் புரியவில்லை.

"யாருங்க? சொல்லுங்க. பெரியப்பாவா? யாரு போய்ட்டாங்க?"

அப்போதுதான் உறைத்தது. மண்டலம் முடியாமல் ஒருவன் மாலையைக் கழற்றினால் வேறென்ன அர்த்தம்? சாவு விழுந்தால்தானே பாதியில் இறக்குவார்கள். அவள் சரியாகத்தான் கேட்கிறாள். யாரையாவது சொல்ல வேண்டும். வாய் தன் வேலையைத் தொடங்கியது; பொய்யில்லாத ஒரு வாக்கியத்தை உடனே நெய்து கொடுக்கத் தயாராக இருந்தது. தூரத்துச் சொந்தம், யாராவது, இந்த வாரம் எங்காவது யாராவது செத்திருப்பார்கள். ஹாரன் விடாமல் அடித்தது. "யாருய்யா, சொல்லித் தொலையேன்!" என்று அவள் கத்தினாள். கத்தலில் மண்டலம் பூரா கட்டிக் காத்த மரியாதை கழன்று விழுந்தது.

"யாரும் சாவல குணா," என்றார். "இன்னும் சாவல."

"இன்னாய்யா சொல்ற?"

"நீ ராத்திரியில பால்ல குடுக்கறியே, அது மருந்தில்ல. மொதல்ல இருந்துச்சி. இப்ப இல்ல. பகல்லயும் போடறேன். அது இல்லாம என்னால கையக் காலத் தூக்க முடியல. அதுவும் இப்ப கெடைக்கல. லோகு ஒண்ணு குடுத்துக்கீறான். பவுடரு. அவன் போடறது." நிறுத்தினார். மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டார். "குருசாமி போடலாம்னுட்டாரு. நான் அவரையும் ஏமாத்திட்டேன்."

அழப்போகிறாள் என்று நினைத்தார். அழவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, படி ஏறி வந்தவள் மாதிரி.

"இப்ப எங்க கீது அது?"

"கையில."

"எந்தக் கையில?"

"இடது கையில."

"போனு?"

"சோத்தாங்கையில."

"போன வைக்காத." கதவு இழுபடும் சத்தம், செருப்பைத் தேடும் சத்தம், யாரிடமோ ஆட்டோவைக் கூப்பிடச் சொல்கிற சத்தம். "வந்துக்கினே கீறேன். நான் வர்ற வரைக்கும் போன வைக்காத, பேசிக்கினே இரு."

"இன்னா பேசறது?"

"எதுனா பேசு. எதிர்ல இன்னா தெரியுது, அத்தச் சொல்லு."

அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். முன்வண்டி தூரமாகப் போயிருந்தது. வெறும் ரோடு அகலமாக, வெயிலில் பளபளத்துக்கொண்டு கிடந்தது. வலது பக்கத்திலிருந்து ஒருவன் மூக்கை நுழைத்தான்.

"ஒரு நீலப் பெட்டி முன்னால போய்ட்டான் குணா. இப்ப நடுவுல ஒருத்தன் பூந்துட்டான். செகப்புப் பெட்டி."

"ம்."

"அவன் பின்னால இன்னொருத்தன். என் எடம் போச்சி."

"போவட்டும். அப்புறம்?"